கல்லூரியும் கட்டடமும் பெருகியதால்தான் கோவையில் குற்றம் கூடியதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. காளப்பட்டி, விளாங்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு வந்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். சொந்தக்காரர்களோ, "இது பழைய கோயம்புத்தூர் இல்லை, காலேஜ் பசங்களும் வெளியூர் ஆட்களும் வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்கிறார்கள். ஜனம் கூடியது, கட்டடம் கூடியது, குற்றம் கூடியது. இந்த மூன்றும் ஒன்றால் ஒன்று வந்தவையா, அங்கே குடியேறுவது பாதுகாப்பா என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் நகரமைப்பு படித்தவன். கொங்குப் பகுதி ஊர்களின் மனைப்பிரிவு வரைபடங்களோடும் மக்கள்தொகைக் கணக்கோடும்தான் என் வேலைக்காலம் கழிந்தது. காவல்துறையில் இருந்தவன் அல்ல. குற்றக் கணக்கை வெளியிலிருந்து படிப்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மக்கள்தொகையில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. 2001 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 9,30,882. 2011-ல் அதே பழைய எல்லைக்குள் 10,50,721. பத்து வருடத்தில் சுமார் 13 சதவீதம்தான் ஏறியது. ஆனால் சுற்றியுள்ள பேரூர்களையும் சேர்த்த நகரத் தொகுதியை எடுத்தால், 14.6 லட்சம் 21 லட்சத்தைத் தாண்டியது. இதில் ஒரு பங்கு, தொகுதியின் எல்லையே விரிந்ததால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் திசை தெளிவு: ஊர் நடுவில் அவ்வளவாகப் பெருகவில்லை, ஓரத்தில்தான் பெருகியது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும், சரவணம்பட்டி, காளப்பட்டி, சின்னவேடம்பட்டி, துடியலூர், வடவள்ளி முதலான பேரூராட்சிகளையும், விளாங்குறிச்சி ஊராட்சியையும் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சுமார் 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 250-ஐ ஒட்டி வந்துவிட்டது. நீங்கள் வீடு பார்க்கும் இடங்கள் எல்லாமே அப்படிச் சேர்ந்தவைதான்.

அதற்குப் பிறகு? 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். அதாவது இன்று கோவையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. செய்திகளில் வரும் 25 லட்சம், 30 லட்சம் எல்லாம் மதிப்பீடுகள். கல்லூரி ஊருக்கு இது இரட்டைச் சிக்கல். விடுதியில் தங்கும் பிள்ளைகளைக் கணக்கெடுப்பு அந்த விடுதியிலேயே எண்ணிக்கொள்ளும். ஆனால் வெளியே நான்கைந்து பேராக வீடெடுத்துத் தங்கும் பையன்களைப் பல சமயம் சொந்த ஊரில் பெற்றோர் தங்கள் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் இவர்களும் கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் தொழிலாளர்களும்தான்.

கல்லூரிகள் எங்கே வந்தன என்பதைப் பார்த்தால் கட்டடக் கதையும் புரியும். முதல் தலைமுறைக் கல்லூரிகளில் பலவற்றை ஆலைக் குடும்பங்களின் அறக்கட்டளைகள் பீளமேடு பக்கம் கட்டின. விடுதியும் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்ததும் படம் மாறியது. பெரிய பரப்பில் இடம் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் ஊருக்கு வெளியே மானாவாரி நிலம்தான் கிடைக்கும். சத்தி ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காட்டு ரோடு, அவிநாசி ரோட்டில் அரசூர் வரை அப்படி வந்தவைதான் இன்றைய வளாகங்கள். அப்புறம் சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிகள், விளாங்குறிச்சியில் டைடல் பார்க். கல்லூரி வந்த இடத்தில் பேருந்து வந்தது, பேருந்து வந்த இடத்தில் சைட் (வீட்டுமனை) போட்டார்கள், சைட்டில் வீடு எழும்பும் முன்பே பிஜி என்கிற தனியார் தங்கும் விடுதி எழும்பியது. இத்தனையும் நடந்த காலத்தில் கோவைக்கு நடைமுறையில் இருந்த, எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1994-ல் ஒப்புதலான ஒன்று. 2041-ஐ இலக்காக வைத்த அடுத்த திட்டத்தின் வரைவே 2024-ல்தான் வெளிவந்தது. ஒரு தலைமுறையின் கட்டடங்கள் முழுக்கப் பழைய வரைபடத்தின் கீழ் எழும்பிவிட்டன.

இனி குற்றக் கணக்கு. இங்கேதான் மிகப் பெரிய குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இருபது லட்சம் பேருக்கு மேற்பட்ட 19 பெருநகரங்களின் அட்டவணையை வெளியிடுகிறது. கோவை அதில் உண்டு. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்ற விகிதம் அதில்தான் வருகிறது, "பாதுகாப்பான நகரம்" என்ற தலைப்புச் செய்தியும் அதிலிருந்துதான். அந்த விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பது 2011-ன் மக்கள்தொகை. மேலே 2023-ன் வழக்குகள், கீழே 2011-ன் மக்கள். ஊர் எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அவ்வளவுக்கு அதன் குற்ற விகிதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் அதே அட்டவணையில் இருக்கிறது. கீழே வைக்கும் மக்கள்தொகை நகரத் தொகுதி முழுமைக்கும் உரியது. மேலே வைக்கும் வழக்குகள் மாநகரக் காவல் ஆணையர் எல்லைக்குள் பதிவானவை. மும்பைக்கு அட்டவணையில் 184 லட்சம் பேர். ஆனால் அந்த மாநகராட்சியின் 2011 மக்கள்தொகை 124 லட்சம்தான். கொல்கத்தாவுக்கு 141 லட்சம். அதன் மாநகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 45 லட்சம். 2022-ல் கொல்கத்தாவின் விகிதம் லட்சத்துக்கு 86.5 என்று வந்து "நாட்டிலேயே பாதுகாப்பான நகரம்" எனப் பேசப்பட்டதில் இந்த வகுத்தல் முறைக்குப் பெரிய பங்கு உண்டு. கோவைக்கும் இதே கதைதான். சூலூர், பெரியநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் மாவட்டக் காவல்துறையின் கீழ். அங்கே பதிவாகும் வழக்கு மாநகரக் கணக்கில் ஏறாது, அங்குள்ள மக்கள் மட்டும் வகுக்கும்போது சேர்ந்துகொள்வார்கள். ஒரு பிழை விகிதத்தை உயர்த்துகிறது, இன்னொன்று தாழ்த்துகிறது. போதாக்குறைக்கு, மாவட்டக் காவலின் கீழ் இருந்த வடவள்ளி, துடியலூர் நிலையங்கள் பின்னர் மாநகரக் காவலுக்கு வந்தன. அப்படி ஒரு நிலையம் மாறும் ஆண்டில், ஒரு குற்றமும் கூடுதலாக நடக்காமலேயே மாநகரத்தின் வழக்கு எண்ணிக்கை ஏறும். அதனால்தான் "கோவையில் தலைக்கு இத்தனை குற்றம் கூடிவிட்டது" என்று யாராவது சதவீதத்தோடு சொன்னால் நான் ஏற்பதில்லை. "கோவைதான் பாதுகாப்பில் முதலிடம்" என்பவரிடமும் அதையேதான் சொல்வேன்.

வழக்கு எண்ணிக்கையும் குற்ற எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அழுத்தமான சான்று இருக்கிறது. 2019-ல் மாநிலம் முழுக்க இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 1.68 லட்சம், 2020-ல் அது 8.9 லட்சம். ஊரடங்கை மீறியவர்கள் மேல் 188-ஆம் பிரிவில் போட்ட வழக்குகள்தான் அந்த ஏற்றத்துக்குக் காரணம். எதிர்ப்பக்கமும் உண்டு. செல்போன் தொலைந்தது, பைக்கைக் காணோம் என்று நிலையத்துக்குப் போனால் பல நேரம் முதலில் கையில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது. எப்ஐஆர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். எப்ஐஆர் ஆகாதது ஆண்டறிக்கையில் இல்லை. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்தால் பெரியது ஒன்றை மட்டுமே அறிக்கை எண்ணிக்கொள்ளும். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சும் எண்ணில் ஓரளவு நம்பத்தக்கது கொலைக் கணக்கு. உடலை மறைப்பது கடினம். மாநகரில் அது ஆண்டுக்குச் சில பத்துகளில்தான் நிற்கிறது. சாலையில் இறப்பவர்கள் சில நூறு பேர். உங்கள் மகளின் உயிருக்கு எது பெரிய ஆபத்து என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சத்தி ரோட்டைத்தான் காட்டுவேன்.

கல்லூரிப் பிள்ளைகளால் குற்றம் கூடியதா என்பதற்கு வருகிறேன். உலகில் எந்த ஊரை எடுத்தாலும் குற்றச் செயல்களில் ஈடுபடுவது பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் உச்சத்தில் இருக்கும்; வயது ஏற ஏறக் குறையும். அந்த வயதினர் வந்து குவியும் ஊரில் அடிதடி, வேகமாக வண்டி ஓட்டுவது, போதைப் பொருள் ஆகியவை கூடத்தான் செய்யும். ஊர்க்காரர்கள் பேச்சில் விட்டுப்போகும் மறுபாதி என்னவென்றால், குற்றத்துக்கு ஆளாவதும் அதே வயதினர்தான் அதிகம். முன்பின் தெரியாத ஊர், கையில் லேப்டாப்பும் விலையுயர்ந்த போனும், தெருவில் நிறுத்தும் பைக், ராத்திரி பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து போகும் பழக்கம், பகுதிநேர வேலை என்று வரும் மெசேஜை நம்பிப் பணம் கட்டுவது. ஆன்லைன் மோசடியில் பணம் போனால் முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதைக்கூடப் பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2025 நவம்பரில் விமான நிலையத்துக்குப் பின்புறம் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்த கொடுமை உங்கள் மனதில் இருக்கும். எந்தப் பெற்றோருக்கும் அது மறக்காது. அதில் கைதான மூவரும் மாணவர்கள் அல்லர். நடந்த இடம் ஆள் நடமாட்டம் இல்லாத காலி நிலம். நகரமைப்புக்காரன் என்ற முறையில் நான் அந்த இடத்தையும் பார்க்கிறேன். வளரும் ஊரின் ஓரங்களில் இப்படிப்பட்ட நிலம் ஏராளம்: வயலாகவும் இல்லை, குடியிருப்பாகவும் இல்லை, காவலும் இல்லை. குற்றத்துக்கும் கட்டடப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

அது எப்படி உருவாகிறது என்று கிட்டத்தில் காட்டுகிறேன். ஒருவர் பத்து ஏக்கரை மனைப்பிரிவாக்கி (லேஅவுட்) நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் டிடிசிபி அப்ரூவல் வாங்குகிறார். சாலைகளையும், பூங்கா போன்ற பொதுப் பயனுக்காகத் திறந்தவெளியாக விட வேண்டிய பத்து சதவீத ஓஎஸ்ஆர் இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நூற்றைம்பது சைட் ஒரே மூச்சில் விற்றுப்போகிறது. வாங்கியவர்களில் பாதிப்பேர் முதலீட்டுக்காக வாங்கியவர்கள். ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில். ஐந்து வருடம் கழித்துப் போனால் இருபது வீடு இருக்கும், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். கம்பம் நட்டிருப்பார்கள், விளக்கு எரியாது, ஏனென்றால் கரண்ட் பில் கட்ட வேண்டிய உள்ளாட்சிக்கு அந்த இருபது வீட்டின் வரி போதாது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் கம்பி வேலிக்குள் புதராகக் கிடக்கும். ஓரத்தில் அரைகுறையாக நிற்கும் ஒரு கட்டடம். பூட்டிய வீட்டில் நகை திருட்டு, மோட்டார், கேபிள், சென்ட்ரிங் ஷீட் திருட்டு, கோலம் போட வந்த அம்மாவிடம் செயின் பறிப்பு எல்லாம் இங்கே நடப்பவை. இங்கே குறைவாக இருப்பது பார்க்கும் கண்கள். தெருவில் டீக்கடை, அயர்ன் வண்டி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்று நாலு பேர் வந்துவிட்ட பிறகு அதே லேஅவுட் அமைதியாகிவிடும். இந்த இடைக்காலம் ஐந்து வருடமா இருபது வருடமா என்பதுதான் ஒரு ஊரின் நிர்வாகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

போதைப் பொருள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் பயம் அதில்தான் அதிகம் என்று தோன்றுகிறது. கஞ்சா, வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வது, மெத்தம்பெட்டமைன் ஆகியவை கல்லூரி விடுதிகளையும் வெளி அறைகளையும் எட்டியிருப்பது உண்மை. காவல்துறை அறைகளில் சோதனை நடத்திப் பிடித்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் இந்த வழக்குகளில் புகார்தாரர் யாரும் கிடையாது. தேடினால்தான் கிடைக்கும். சோதனை கூடிய ஆண்டில் வழக்கு கூடும், சோர்ந்த ஆண்டில் குறையும். எனவே வழக்கு எண்ணிக்கையை வைத்துப் பழக்கம் கூடியதா குறைந்ததா என்று முடிவுகட்ட முடியாது. பாலியல் தொல்லைப் புகார்களிலும் இதே கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் கோவை மாநகரக் காவல்துறை "போலீஸ் அக்கா" என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலரைத் தொடர்புக்கு நியமித்தது. அதன் மூலம் கூடுதல் புகார்கள் வந்தால் அதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வேன். வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்த பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

"வடக்கத்தி ஆட்கள் வந்ததால்தான்" என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையின் பவுண்டரி, பஞ்சாலை, கட்டட வேலை எல்லாம் இன்று அவர்கள் உழைப்பில்தான் ஓடுகிறது. அவர்கள் எத்தனை பேர் என்பதே எண்ணப்படாதபோது, அவர்களில் குற்றம் செய்பவர் விகிதம் அதிகம் என்று நிறுவ எந்த வழியும் இல்லை. நிறுவ முடியாத ஒன்றை ஒரு கூட்டத்தார் மேல் சுமத்துவது அநியாயம். அதேபோல் பழைய கோவை சாந்தமாக இருந்தது என்பதும் பாதி நினைவுதான். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போனதும், அதற்கு முந்தைய மாதங்களின் கலவரமும் இதே ஊரில்தான். அப்போது சரவணம்பட்டியில் இத்தனை கல்லூரியும் இல்லை, அடுக்குமாடியும் இல்லை.

இதெல்லாம் சரி, வீட்டை எப்படி முடிவு செய்வது என்று கேட்பீர்கள். நகரத்தின் தர வரிசையை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எப்ஐஆர்களைக் காவல் நிலையம் வாரியாகப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமானவை அதில் ஏறாது, மற்றவை ஏறும். ஒவ்வொரு நிலையத்திலும் குற்ற எண் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே டிசம்பர் கடைசியில் பதிவான எப்ஐஆரின் எண்ணே அந்த வருடத்தின் மொத்தம். நான்கைந்து வருடங்களுக்கு இப்படி எடுத்துப் பார்த்தால் போக்கு தெரியும். இரண்டு எச்சரிக்கை. காணாமல் போனவர், சந்தேக மரணம் எல்லாமே அதே வரிசையில் எண் வாங்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், திருட்டு, வழிப்பறி, வீடு புகுதல் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். இன்னொன்று, மாநகரில் விபத்து வழக்குகளுக்குப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு தனியாக உண்டு. மாவட்ட எல்லையில் அவை சாதாரண நிலையத்தின் எண்ணிக்கையிலேயே சேரும். காளப்பட்டியைச் சூலூரோடு நேரடியாக ஒப்பிட்டால் தவறாக முடியும்.

வீடு எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறது, அந்த நிலையம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பில்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுவார். நீங்கள் ஒரு வேலைநாளில் இரவு ஒன்பதரைக்கு மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை சைட் காலி, கடைசியாக எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஓஎஸ்ஆர் இடம் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறதா, புதரா என்பது அந்த லேஅவுட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். முக்கால்வாசி நிரம்பிய லேஅவுட்டில் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குவேன். கால்வாசி நிரம்பியதில் விலை மலிவு என்பதற்காக, பெண் பிள்ளையோடு உடனே குடியேறும் குடும்பத்தை நான் போகச் சொல்ல மாட்டேன்.

வீடு அமையும் வரை மகளை விடுதியில் விடுவதானால் முதல் வருடம் வளாக விடுதியே நல்லது. வெளியே பிஜிதான் என்றால், பெண்கள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. காட்டத் தயங்குகிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரவில் வார்டன் அங்கேயே தங்குகிறாரா, கேட்டுக்கு வெளியே தெருவிளக்கு இருக்கிறதா, சிசிடிவி உண்மையில் பதிவாகிறதா என்று நேரில் பாருங்கள். ஆண்கள் தங்கும் பிஜிகளுக்கு இதற்கு இணையான சட்டம் இல்லை. ஆகவே நாளைக்கு உங்கள் மகனும் இங்கே படிக்க வந்தால், இந்தச் சரிபார்ப்பு முழுவதையும் நீங்களேதான் செய்ய வேண்டியிருக்கும்.